பதில் வராவிட்டால் படபடப்பு: இது காதலா, நோயா?

கேள்வி: எனக்கு வயது 28. மூன்று மாதங்களாக ஒருவருடன் பழகிவருகிறேன். தூக்கமில்லை, பசியில்லை, வேலையில் மனம் நிற்பதில்லை. அவர் ஒரு நாள் உடனே பதில் அனுப்புவார். மறுநாள் நீல டிக் விழுந்த பிறகும் இரவுவரை பதில் இருக்காது. அப்போது நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. வேறு யாரிடமும் எனக்கு இப்படி ஆனதில்லை என்பதால் இவர்தான் எனக்கானவர் என்று தோன்றுகிறது. ‘எல்லாம் டோபமைன், இரண்டு வருஷத்தில் அடங்கிவிடும்’ என்கிறாள் தோழி. உண்மையா?

பதில்: தோழி சொல்வது பாதி சரி. நீங்கள் போட்ட கணக்கு அதைவிடக் கவலை தருகிறது.

முதலில் டோபமைன். ஹெலன் ஃபிஷர் என்ற மானிடவியலாளரின் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் காதல்வயப்பட்ட 17 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, காதலரின் படத்தைக் காட்டினார்கள். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் ஒரு சிறு பகுதி சுறுசுறுப்பானது. இன்பம் தரும் ரசாயனம் என்று டோபமைனைச் சொல்வார்கள். ‘இன்னும் வேண்டும்’ என்று துரத்தவைப்பதுதான் இதன் முக்கிய வேலை.

உங்கள் நீல டிக் விஷயத்துக்கு வருகிறேன். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமைன் செல்களைக் கவனித்தவர். சாறு நிச்சயம் வரும் என்றபோதும், வரவே வராது என்றபோதும், காத்திருக்கும் நேரத்தில் அந்தச் செல்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான் துடிப்பு உச்சத்துக்குப் போனது. ஒரு நாள் உடனே, மறுநாள் மௌனம் என்று உங்களுக்கு நடப்பதும் ஏறக்குறைய அதுதான். அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று சொல்லவில்லை, பாவம், வேலை இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் படபடப்பில் கணிசமான பங்கு அந்த நிச்சயமின்மைக்குச் சேர வேண்டியது. அதை வைத்து அவர் உங்களுக்குப் பொருத்தமானவரா என்று அளக்க முடியாது.

உடம்பின் பதற்றத்தை நாம் எவ்வளவு எளிதாக ஈர்ப்பின் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்பதற்கு 1974-இல் கனடாவில் நடந்த ஒரு சோதனை பிரபலம். ஆடும் தொங்குபாலத்தைக் கடந்த ஆண்களிடமும், உறுதியான பாலத்தைக் கடந்தவர்களிடமும் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அப்புறம் அவரை அழைத்தவர்களில் தொங்குபாலத்து ஆண்களே அதிகம்.

‘இரண்டு வருஷம்’ என்ற பேச்சு இத்தாலியில் 1999-இல் வந்த ஓர் ஆய்வோடு ஒத்துப்போகிறது. புதுக் காதலர்களின் ரத்தத்தில் செரோடோனின் என்ற மூளை ரசாயனத்தோடு தொடர்புடைய ஒரு புரதம், எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) உள்ளவர்களைப் போலவே குறைந்திருந்தது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்துச் சிலரை மறுபடி சோதித்தபோது அது இயல்புக்குத் திரும்பியிருந்தது. அவர்கள் பார்த்தது ரத்தத்தை, மூளையை அல்ல. சோதித்ததும் சிறு குழுவை. ஆக, இடைவிடாத நினைப்பு காலப்போக்கில் தணியலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காதலே போய்விடும் என்பது சரியல்ல. மணமாகிச் சராசரியாக 21 ஆண்டுகள் ஆனவர்களிலும், இன்றும் தீவிரமாகக் காதலிப்பதாகச் சொன்ன சிலரின் ஸ்கேனில் அதே டோபமைன் பகுதி இயங்கியது.

சரி, இப்போது என்ன செய்வது? இரவில் போனை வேறு அறையில் வையுங்கள். அவரைப் பற்றிய முடிவை, தூங்கிச் சாப்பிட்டுத் தெளிவாக இருக்கும் நாட்களில் எடுங்கள். நீங்கள் ‘முடியாது’ என்று சொல்லும்போது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். எந்த ஸ்கேனைவிடவும் அது அதிகம் சொல்லும்.

ஒரு விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். மூன்று மாதமாகத் தூக்கமின்மை, படபடப்பு, கை நடுக்கம் என்றால் எல்லாப் பழியையும் காதல்மேல் போட மாட்டேன். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே அறிகுறிகள்தான். கூடவே எடை குறைவது, வெக்கை தாங்காமல் வியர்ப்பது இருந்தால் சந்தேகம் வலுக்கும். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையும், ரத்தசோகை இருக்கிறதா என்று அறிய ஹீமோகுளோபின் அளவும் பார்த்துவிடுங்கள். மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல், கட்டுப்பாடின்றிப் பேச்சும் செலவும் கூடினால் மனநல மருத்துவரை உடனே பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலும் அப்படித்தான், ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.