வாசகர் கேள்வி-பதில்: வீட்டுக் கணினியில் ஒரு மெய்நிகர் சோதனைக்கூடம்

கேள்வி: கணினி வலையமைப்பு நிர்வாகப் பணிக்குத் தயாராகி வருகிறேன். விண்டோஸ் சர்வர், அலுவலகப் பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி பற்றியெல்லாம் படித்துவிட்டேன். செய்து பார்க்கத்தான் வழியில்லை. 16 ஜிபி ரேம் உள்ள என் மடிக்கணினியில், ட்ரையல் மென்பொருள்களைக் கொண்டே ஒரு சோதனைக்கூடம் அமைக்க முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் கேட்கும் பாடத்துக்கு அந்த மடிக்கணினியே போதும். செயலியில், ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்க உதவும் இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி வசதி இருக்க வேண்டும். அண்மைக்காலச் செயலிகள் பெரும்பாலானவற்றில் அது உண்டு. ஆனால் பயாஸ் அமைப்பில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் செயலியின் பக்கத்தைத் திறந்தால், மெய்நிகராக்கம் இயங்குநிலையில் உள்ளதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, ரேமைப் பங்கிடுவதுதான் முக்கியம். மடிக்கணினியின் சொந்தப் பயன்பாட்டுக்கு 6 ஜிபியை ஒதுக்கிவிட்டால் 10 ஜிபி மிஞ்சும். டொமைன் எனப்படும் கணினிக் குழுவில் உள்நுழைவோரைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலராகும் சர்வரைத் திரைமுகப்பு இல்லாத 'சர்வர் கோர்' வடிவில் நிறுவினால் அதற்கு 2 ஜிபி போதும். இரண்டாவது சர்வருக்கு இன்னொரு 2 ஜிபியும், விண்டோஸ் 11 பயனர் கணினிக்கு 4 ஜிபியும் கொடுத்தால், ஒரு சிறிய அலுவலகத்தின் வலையமைப்பு முழுவதும் உங்கள் மேசைமீது இயங்கும். விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி வட்டு கேட்கும் என்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். தேவைக்கேற்ப வளரும் மெய்நிகர் வட்டு, எழுதப்பட்ட அளவுக்கு மட்டுமே உண்மையான இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த வட்டுகள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். சுழலும் வன்தட்டில் மூன்று மெய்நிகர் கணினிகளை ஒரே நேரத்தில் தொடங்கினால், பாடத்தைவிடக் காத்திருப்பே மிகுதியாக இருக்கும்.

மெய்நிகராக்க மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால் ஹைப்பர்-வி அதனுடனேயே வருகிறது. ஹோம் பதிப்பில் அது கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு திறமூலமானது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம். பழைய கணினி ஒன்று சும்மா இருந்தால் அதில் ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவலாம். சந்தா இல்லாமலும் அது முழுமையாக இயங்கும். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிலைத்திருங்கள். ஹைப்பர்-வி இயங்கும் விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸையும் சேர்த்து ஓட்டினால், பின்னது வேகம் குன்றுவதையே காண்பீர்கள்.

கேள்வி: விண்டோஸ் சர்வர் ட்ரையல் பதிப்பின் காலம் முடிந்தால் நான் அமைத்ததெல்லாம் வீணாகிவிடுமா? அந்தக் காலத்தை நீட்டிக்க வழி உண்டா?

பதில்: சோதனைக்கூடத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பதையே இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. விண்டோஸ் சர்வர் ட்ரையல் பதிப்பு 180 நாள் இயங்கும். விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் ட்ரையல் 90 நாள். தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வருக்கும் 180 நாள் ட்ரையல் உண்டு என்றாலும், அதன் டெவலப்பர் பதிப்பு காலவரம்பின்றி இலவசமாகக் கிடைப்பதால், சோதனைக்கூடத்துக்கு அதையே பரிந்துரைப்பேன். சர்வர் ட்ரையலை நிறுவிய முதல் 10 நாளுக்குள் ஒரு முறையாவது இணையத்தில் இணைத்து, அதைச் செயல்படுத்திவிட வேண்டும். சோதனைக்கூடத்தை இணையத்திலிருந்து முற்றிலும் பிரித்து வைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். 180 நாள் கடந்த பிறகு சர்வர் மணிக்கு ஒரு முறை தானாகவே அணையத் தொடங்கும்.

நீட்டிப்பதற்கு முறையான வழி, விண்டோஸிலேயே உள்ள 'ரீஆர்ம்' என்னும் கட்டளை. அதை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதற்கு வரம்பு உண்டு. மிஞ்சியிருக்கும் எண்ணிக்கையை உரிம விவரங்களைக் காட்டும் கட்டளையின் மூலம் அந்தக் கணினியிலேயே பார்த்துக்கொள்ளலாம். மெய்நிகர் கணினியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி ஏமாற்றும் உத்தியை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அது உரிம விதிக்கு முரணானது; மேலும், டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையில் இரு கணினிகளின் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் டொமைனில் உள்நுழைவதே நின்றுபோகும்.

பின்னால் உரிமம் வாங்கி இதே சர்வரைத் தொடரலாம் என்று எண்ணுபவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ட்ரையல் சர்வரை முழுப் பதிப்பாக மாற்ற முடியும். டொமைன் கன்ட்ரோலராகிவிட்ட ட்ரையல் சர்வரை அப்படி நேரடியாக மாற்ற முடியாது. இன்னொரு டொமைன் கன்ட்ரோலரைச் சேர்த்து, பொறுப்புகளை அதற்கு மாற்றிய பிறகே பழையதை விலக்க முடியும்.

ஆகவே என் உறுதியான கருத்து இது: மெய்நிகர் கணினிகளைக் காப்பாற்ற முயலாதீர்கள், அவற்றை மீண்டும் கட்டும் வழியைக் காப்பாற்றுங்கள். டொமைனை உருவாக்கும் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு), பயனர் பட்டியல் அடங்கிய ஒரு சிஎஸ்வி கோப்பு, கணினிகளுக்கும் பயனர்களுக்கும் விதிகளை வகுக்கும் குரூப் பாலிசிகளின் காப்பு நகல், நீங்கள் எழுதிய குறிப்புகள் ஆகியவை மெய்நிகர் கணினிகளுக்கு வெளியே, வேறு வட்டில் இருக்கட்டும். முதல் முறை திரையில் சொடுக்கிச் சொடுக்கியே அமையுங்கள். அப்போதுதான் எது எங்கே இருக்கிறது என்பது மனத்தில் பதியும். இரண்டாம் முறை அதையே ஸ்கிரிப்டாக எழுதுங்கள். அது பிழையின்றி ஓடி, வெற்று வட்டிலிருந்து டொமைனை எழுப்பிவிட்டால், ட்ரையல் காலம் முடிவதைப் பற்றிய கவலைக்கே இடமில்லை. வேலையிடத்திலும் உங்களிடம் எதிர்பார்க்கப்படும் திறமை இதுவே.

நாள்கணக்கு நிறுவியதிலிருந்து ஓடத் தொடங்கும். கணினியை அணைத்து வைத்தாலும் அது நிற்காது. எனவே நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, படிக்க நேரம் ஒதுக்க முடிகிற காலத்தில் மட்டும் நிறுவுங்கள்.

கேள்வி: சோதனை சர்வரில், கணினிகளுக்கு வலை முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையைத் தொடங்கியதும் வீட்டில் மற்றவர்களின் கைபேசிகளில் இணையம் நின்றுவிட்டது. காரணம் என்ன?

பதில்: உங்கள் மெய்நிகர் கணினியின் வலையமைப்பு 'பிரிட்ஜ்டு' முறையில் இருந்திருக்க வேண்டும். அந்த முறையில் அது வீட்டு ரவுட்டரோடு நேரடியாக இணைந்த இன்னொரு கணினியாகவே தோன்றும். முகவரி கேட்டு ஒரு கைபேசி எழுப்பும் குரல் வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும். முந்திக்கொண்டு பதில் சொல்லும் டிஹெச்சிபி சேவையின் முகவரியையே பெரும்பாலும் அது ஏற்கும். உங்கள் சர்வர் முந்திக்கொண்டது. அது காட்டிய நுழைவாயில் இணையத்துக்கு வழிவிடவில்லை.

சோதனைக் கணினிகள் எல்லாவற்றையும் வெளியுலகம் அறியாத 'இன்டர்னல்' வலையமைப்புக்கு மாற்றிவிடுங்கள். மடிக்கணினியும் மெய்நிகர் கணினிகளும் மட்டும் தொடர்புகொள்ளும் 'ஹோஸ்ட்-ஒன்லி' முறையைத் தேர்ந்தெடுத்தால், மெய்நிகராக்க மென்பொருளே அதில் ஒரு டிஹெச்சிபி சேவையை நடத்துகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் சர்வருக்கும் அதற்கும் போட்டி தொடங்கும். இணையம் தேவைப்படும்போது, ஒரு கால் உள்வலையிலும் மறு கால் மடிக்கணினியின் இணைய இணைப்பைப் பகிரும் என்ஏடி வலையிலுமாக இரண்டு வலையட்டைகள் கொண்ட ஒரு மெய்நிகர் ரவுட்டரை இடையில் வையுங்கள். உள்வலைக்கு வீட்டு ரவுட்டர் பயன்படுத்தாத முகவரி வரிசையைத் தேர்ந்தெடுப்பது நல்லது; வீட்டில் 192.168 என்று தொடங்கினால், சோதனைக்கூடத்துக்கு 10 என்று தொடங்கும் வரிசை பொருந்தும். டொமைன் பெயரின் கடைசியில் 'லோக்கல்' என்று வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அந்தப் பெயர், சாதனங்கள் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் முறைக்கு உரியது. சோதனைகளுக்கென்றே 1999 முதல் ஒதுக்கப்பட்டிருக்கும் 'டெஸ்ட்' என்ற முடிவு இதற்கு ஏற்றது.

கேள்வி: ஸ்னாப்ஷாட் (அந்நேர நிலையின் சேமிப்பு) எடுத்து வைத்திருந்த பயனர் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். டொமைனுடன் நம்பக உறவு முறிந்துவிட்டது என்று சொல்கிறது. என்ன செய்வது?

பதில்: டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் நாம் காணாத ஒரு கடவுச்சொல் உண்டு, அதை அந்தக் கணினியே வழக்கமாக 30 நாளுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்கிறது. நீங்கள் மீட்டெடுத்த ஸ்னாப்ஷாட்டில் மிகப் பழைய கடவுச்சொல் இருக்கிறது; டொமைன் கன்ட்ரோலரிடமோ புதியது இருக்கிறது. உள்ளூர் நிர்வாகியாக நுழைந்து பவர்ஷெல்லில் அந்தப் பாதுகாப்பு இணைப்பைப் பழுதுபார்க்கலாம். டொமைனிலிருந்து விலக்கி மீண்டும் சேர்த்தாலும் சரியாகிவிடும்.

இனிமேல் எல்லா மெய்நிகர் கணினிகளையும் அணைத்துவிட்டு, ஒரே வேளையில் ஸ்னாப்ஷாட் எடுங்கள். மீட்டெடுக்கும்போதும் எல்லாவற்றையும் சேர்த்தே மீட்டெடுங்கள். டொமைன் கன்ட்ரோலர்கள் இரண்டு இருக்கும்போது இது இன்னும் முக்கியம். ஒன்றை மட்டும் பின்னுக்கு இழுத்தால், தரவுப் பரிமாற்றத்தில் இரண்டும் வைத்திருக்கும் கணக்கு ஒன்றோடொன்று ஒவ்வாமல் போகும். விண்டோஸ் சர்வர் 2012 முதல் இதைக் கண்டுபிடித்துத் தடுக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது என்றாலும், மெய்நிகராக்க மென்பொருளும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

கேள்வி: இப்படி அமைத்த ட்ரையல் சர்வரை எங்கள் சிறிய நிறுவனத்தின் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ட்ரையல் உரிமம் மதிப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டுமே. அன்றாட அலுவலை நடத்த அது அனுமதிப்பதில்லை. செலவுதான் தடை என்றால் லினக்ஸில் இயங்கும் சம்பாவைப் பரிசீலியுங்கள். 2012 டிசம்பரில் வெளிவந்த 4.0 பதிப்பிலிருந்தே அது ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராகச் செயல்படுகிறது. அதை முதலில் உங்கள் சோதனைக்கூடத்தில் அமைத்து, விண்டோஸ் பயனர் கணினி ஒன்றை அதில் சேர்த்துப் பாருங்கள். உங்கள் நிறுவனத்துக்குத் தேவையான குரூப் பாலிசிகள் அதில் சரியாக இயங்குகின்றனவா என்பதை அங்கேயே உறுதிசெய்துகொள்ளலாம்.