முன் சொக்கில் ஒயில் கசிகிறதா?

கேள்வி: என் 100 சீசீ மோட்டார் சைக்கிளின் முன் சொக் ஒன்றில் ஒயில் கசிகிறது. ஒயிலைத் தடுக்கும் ரப்பர் சீலை நானே மாற்றலாமா, கராஜில் கொடுப்பதா? பின் காஸ் சொக்கும் தளர்ந்துவிட்டது.
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: முன் சொக்கை நீங்களே பார்க்கலாம், பின்னதைத் தொட வேண்டாம்.

எதையும் கழற்றுமுன் சீல் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். எங்கள் கிரவல் வீதிகளில் சீலின் உதட்டுக்குள் மணல் புகுந்தாலே ஒயில் வரும். தூசி மூடியைக் கிளப்பி, பழைய எக்ஸ்ரே பிலிமில் மெல்லிய துண்டு வெட்டி, சீலுக்கும் குழாய்க்கும் இடையே விட்டுச் சுற்றி இழுங்கள். பல வேளைகளில் கசிவு அதோடு நின்றுவிடும். ஒயில் பிரேக்கில் இறங்கியிருந்தால் மட்டும் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

நிற்கவில்லையா? குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்குகிற அளவுக்குத் துருக்குழி இருந்தால் புதுச் சீலையும் அது கிழித்துவிடும். குழாயையே மாற்ற வேண்டும். சிறு கீறலென்றால் 1000ஆம் இலக்க மண்தாளில் ஒயில் தடவித் தேய்த்தால் போதும்.

சீல், தூசி மூடி, அடிப் போல்ட்டின் செப்பு வாஷர் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் வாங்குங்கள். வேலை பிழைப்பது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். மேல் கிளாம்பைத் தளர்த்தி, கீழ்க் கிளாம்ப் இறுகியிருக்கும்போதே மேல் மூடியை அரைச் சுற்று இளக்குங்கள். அடியிலுள்ள அலன் போல்ட்டை, ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே கழற்ற வேண்டும். ஸ்பிரிங்கை முதலில் எடுத்துவிட்டால் உள்தண்டும் சேர்ந்து சுற்றும், போல்ட் வராது. மேல் மூடி வரும்போது ஸ்பிரிங் தள்ளும், முகத்தை விலக்கி வையுங்கள். சீலைப் பிடித்திருக்கும் கம்பி வளையமான சேர்கிளிப்பையும் பழைய சீலையும் எடுத்தபின், புதுச் சீலின் உதட்டில் ஒயில் பூசி, குழாயின் விளிம்பைப் பொலித்தீனால் மூடி இறக்குங்கள். பிறகு அளவான பிவிசி குழாயால் நேராகத் தட்டி, சேர்கிளிப்பைப் பூட்டுங்கள். சரிந்து இறங்கிய சீல் மறுபடி கசியும்.

ஒயிலின் தரமும் அளவும் வண்டிக் கையேட்டில் உள்ளபடிதான். கசிந்த பக்கத்தில் மிஞ்சியதை அளந்து ஊற்றாதீர்கள். இரு பக்கமும் மில்லிலீற்றர் கணக்கில் ஒன்றாக இருக்க வேண்டும்.

காஸ் சொக்கில் அழுத்தி அடைத்த நைதரசன் இருக்கிறது. துளைத்தாலோ வெட்டினாலோ ஆளைக் காயப்படுத்தும். 100 சீசீ வண்டிகளுக்கு வருபவை பெரும்பாலும் திறக்க முடியாத வகை. சோடியாக மாற்றுவதே வழி. நான்கு சில்லு ஏ.டி.வி. வண்டிகளின் சொக் போல வால்வு உள்ளதென்றால், நைதரசன் அடைக்கும் வசதியுள்ள இடத்தில் கொடுங்கள். ரயருக்கு அடிக்கும் காற்றை அதில் அடிக்கக் கூடாது. காற்றின் ஈரம் உள்ளே துருவை உண்டாக்கும், சூடேறும்போது அழுத்தமும் மாறும்.