வேதாளத்துக்கு 12,000 ரூபாயா?

கேள்வி: திருச்சியில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் ஒருவர், 1948-ஆம் வருஷத்து அம்புலிமாமா இதழ்கள் பன்னிரண்டைப் பைண்டு செய்து வைத்திருப்பதாக வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். “எல்லாமே சங்கர் வரைந்தது, விக்கிரமாதித்தன் வேதாளமும் உண்டு” என்கிறார். விலை 12,000 ரூபாய், முழுப் பணமும் முதலிலேயே ஜிபேயில் அனுப்ப வேண்டுமாம். சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்த படங்கள். வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பணம் இன்னும் அனுப்பவில்லையே? அனுப்பாதீர்கள். 1948-இல் சங்கர் அம்புலிமாமாவிலேயே இல்லை. பத்திரிகை தொடங்கியது 1947 ஜூலையில். சங்கர் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1950-களின் தொடக்கத்தில். உருவிய வாளோடு, தோளில் வேதாளத்தைச் சுமந்து விக்கிரமன் நடக்கும் அந்தப் படம் அதற்கும் பிறகு வந்தது. ஆக, ஒன்று வருஷம் தப்பு, இல்லையென்றால் ஓவியர் தப்பு. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன். பலருக்கு அம்புலிமாமா படம் என்றாலே சங்கர்தான். எம்.டி.வி. ஆச்சார்யா, சித்ரா, அட்டைப்படம் வரைந்த வபா என்று அங்கே ஒரு கூட்டமே இருந்தது. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது பைண்டு. வீட்டில் கட்டி வைத்த பழைய தொகுப்புகளில் பாதிக்கு அட்டை இருக்காது. பைண்டர் கிழித்துப் போட்டிருப்பார், ஓரத்தையும் வெட்டியிருப்பார். அட்டைகள் போய்விட்டால் என் கணக்கில் பாதி மதிப்பு போய்விட்டது. வீடியோ காலில் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் திருச்சிக்கே போய்விடுவது.

போகும்போது பூதக்கண்ணாடி ஒன்று எடுத்துப் போங்கள். பிளாக் செய்து, அதாவது உலோகத் தகட்டில் படத்தைச் செதுக்கி, அச்சடித்த கோட்டோவியத்தில் கோடு முழுக் கறுப்பாக இருக்கும், தாளின் பின்பக்கம் தடவினால் லேசான மேடு தட்டுப்படும். ஸ்கேன் எடுத்துக் கலர் பிரிண்ட் போட்டதென்றால், கறுப்புக் கோட்டுக்குள்ளேயே சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் தெரியும். இது தெரியாமல் நானும் ஒருமுறை கலர் ஜெராக்ஸைப் பழைய அட்டை என்று வாங்கி, சட்டம் போட்டு மாட்டியும் விட்டேன். வந்த விருந்தாளிதான் சொன்னார்.

விற்பவர் கடைக்காரராக இருந்தால் நுகர்வோர் சட்டம் உங்களுக்கு உதவும். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள், பில் கேளுங்கள். பரணைக் காலி செய்ய விற்கும் தனிமனிதரிடம் இந்த வழி செல்லுபடியாவது கஷ்டம்.

படத்துக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்றும் சொல்கிறேன். தஞ்சாவூரில் பிறந்து உங்கள் கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர் கோபுலு. தில்லானா மோகனாம்பாள் விகடனில் தொடராக வந்தபோது படம் போட்டவர் அவர்தான். கதையில் வரும் நாதஸ்வரக்காரர்களை இந்தத் தஞ்சாவூர்க்காரர் வேறெங்கும் போய்த் தேடியிருக்க வேண்டியதில்லை. சங்கர், கோபுலு, கல்கியில் பொன்னியின் செல்வனுக்கு வரைந்த மணியம், மூவருமே 1924-இல் பிறந்தவர்கள். அந்த வருஷத்துக்கு என்ன ராசியோ! பழைய வீடுகளில் படத்தோடு கட்டிவைத்த தொடர்கதைகள் இன்னும் கிடக்கின்றன. அக்கம்பக்கத்தில் முதலில் விசாரியுங்கள், 12,000 மிச்சமாகலாம்.

கேள்வி: இரும்புக்கை மாயாவி, முத்து காமிக்ஸின் முதல் புத்தகம், வைத்திருக்கிறேன். வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை. போலியா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பெயர் இல்லாததால் போலி ஆகிவிடாது. அது 1962-இல் வேலியன்ட் என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் தொடங்கிய தொடர். அந்தக் காலத்தில் அந்த மாதிரிப் பத்திரிகைகள் ஓவியர் பெயரைப் போடுவது அபூர்வம். வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஜீசஸ் பிளாஸ்கோ. உடல் மறைந்து கை மட்டும் மிதக்கும் காட்சிகளில் அவர் நிழலை எப்படிப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். சிவகாசியிலிருந்து தமிழில் வந்தது 1972-இல். பிறகு மறுபதிப்புகளும் வந்தன. அதனால் ‘முதல் பதிப்பு’ என்ற பேச்சை நம்பாமல், உள்ளே அச்சிட்ட விலையையும் வருஷத்தையும் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

கேள்வி: அண்ணன் வாங்கிக் கொடுத்த ரஷ்ய சிறுவர் கதைப் புத்தகங்கள், மாஸ்கோவின் ராதுகா பதிப்பக வெளியீடுகள், இராமபாணப் பூச்சி அரிக்கிறது. லேமினேட் செய்துவிடலாமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: ஐயோ, வேண்டாம். லேமினேஷனைத் திரும்பப் பிரிக்க முடியாது. செலோடேப்பும் கூடாது, சில வருஷத்தில் பழுப்புக் கறை விட்டுவிடும். சோவியத் யூனியன் 1991-இல் கலைந்த பிறகு அந்தப் பதிப்புகளின் வரத்து நின்றுபோனது, இருப்பதைக் காப்பாற்றுங்கள்.

பூச்சிக்குத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வைக்கும் பொட்டலம் போதும். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்து, கற்பூரம் சேர்த்து, சின்னத் துணிப்பையில் கட்டி அலமாரி மூலையில் வையுங்கள். வாசம் போனதும் மாற்றுங்கள். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் பெரிய எதிரி. புத்தகத்தை வெளிச்சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். மழை விட்டதும் நிழலில், காற்றுப் படும்படி, ஒவ்வொன்றாக விரித்து வைத்து எடுங்கள். நேர் வெயில் பட்டால் படத்தின் சிவப்புத்தான் முதலில் வெளிறும்.