அக்குளில் கை கொடுத்துத் தூக்கலாமா?

கேள்வி: பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது பக்கம் செயலிழந்துவிட்டது. கட்டிலில் கீழே கீழே சரிகிறார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள் வலிக்கிறது என்கிறார். எனக்கும் இடுப்பு விட்டுப்போகிறது.
- வாசகி, மணப்பாறை

பதில்: அதை இன்றோடு நிறுத்துங்கள், அம்மா. செயலிழந்த தோளைத் தாங்கிப் பிடிக்கத் தசைக்குப் பலம் இருக்காது. இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். பிசியோதெரபிக்காக வீடு வீடாகப் போகும் நான், இப்படி வீங்கிய தோள்களைப் பார்த்து நொந்திருக்கிறேன்.

பழைய பருத்தி வேட்டி ஒன்றை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அவருக்கு அடியில் விரியுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துங்கள். செயலிழந்த கையை வயிற்றின்மேல் வையுங்கள். பக்கத்துக்கு ஒருவராக நின்று, வேட்டி ஓரத்தை அவர் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடியுங்கள். அப்பா வலது காலை மடக்கிப் பாதத்தை ஊன்றட்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் அவர் உந்த, நீங்கள் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி மேலே நகர்த்துங்கள். தனியாளாக வேண்டவே வேண்டாம், பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள்.

அப்புறம், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கும்போது குதிகாலையும் இடுப்புக்குக் கீழேயும் பாருங்கள். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது. அங்கே தேய்க்காதீர்கள், பாரம் படாமல் பார்த்துக்கொண்டு, அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.