தோளுக்கு நோகாத வில்: ரீச்சரிடம் கேளுங்கள்

*ரீச்சர், எனக்கு வயது 46. பல வருடம் பட்மின்டன் விளையாடி வலது தோள்மூட்டில் தசைநார் கிழிந்தது. பிசியோவுக்குப் போய் இப்போது ஓரளவு சுகம். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் மட்டும் சுரீர் என்கிறது. வில்வித்தை பழக ஆசை. காம்பவுண்ட் வில் தோளுக்கு இலேசு என்கிறார்கள். லண்டனில் இருக்கும் மச்சான் வரும்போது ஒன்று கொண்டுவரத் தயார். இழுவை 50–60 இறாத்தல், 80 சதவீத லெட்-ஓஃப், பாவித்தது, மலிவு என்கிறார். வாங்கச் சொல்லட்டுமா?*
— ச. ர., வெள்ளவத்தை

வேண்டாம் என்று மச்சானுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பாவித்த வில் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வில் உங்கள் தோளுக்கு ஆகாது.

80 சதவீத லெட்-ஓஃப் என்றால், நாணை முழுதாக இழுத்து நிறுத்திய பிறகு கையில் மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு. 50 இறாத்தல் வில்லில் அது 10. கேட்க இனிக்கும். ஆனால் அந்தப் பத்துக்கு வந்து சேர நீங்கள் ஐம்பதைத் தாண்டி வரவேண்டுமே! அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் அலன் 1966இல் இந்தக் காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969இல் கிடைத்தது. வில்லின் இரு நுனியிலும் அவர் மையம் விலகிய சக்கரங்களைப் பூட்டியது, குறி பார்க்கும் நேரத்துச் சுமையைக் குறைக்கத்தான். இழுக்கும் வேலை அதனால் குறையவில்லை.

சாதாரண வில்லில் இழுக்க இழுக்கத்தான் பாரம் ஏறும். கை தாடைக்கு வரும்போதுதான் உச்சம். காம்பவுண்டில் நாண் சில அங்குலம் நகர்ந்ததுமே முழுப் பாரமும் வந்து உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் உங்கள் வலது கை எங்கே இருக்கிறது? இன்னும் உடம்புக்கு முன்னால், முழங்கை மடங்கத் தொடங்கும் இடத்தில். முதுகுத் தசை வந்து கை கொடுப்பதற்கு முன், தோள்மூட்டு தனியாக மாட்டிக்கொள்ளும் இடம் அது. அப்புறம் ஒரு மேடு போல வந்து, சட்டென்று பாரம் விழும். கடைக்காரர் விழுந்த பிறகுள்ள எண்ணைச் சொல்லி விற்பார். உங்கள் தசைநாருக்குத் தெரிய வேண்டியது மேட்டின் உயரம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உச்ச இழுவை, அதிலும் எவ்வளவு கீழே இறங்கும் என்பது. பெரும்பாலான வில்களில் லிம்ப் போல்ட்டை, அதாவது வில்லின் வளையும் பகுதியை இறுக்கும் ஆணியை, தளர்த்தி ஏறத்தாழ 10 இறாத்தல்தான் குறைக்கலாம். மச்சான் சொல்லும் வில்லில் அந்த 50தான் அடித்தளம். உங்களுக்கு 25 அல்லது 30இல் தொடங்கி, தோள் ஒத்துழைத்தால் மெல்ல ஏறக்கூடிய வில் வேண்டும். பெயர் சொல்வதென்றால் பெயார் குரூசர் ஜி2, டயமண்ட் இன்ஃபினிற் 305 மாதிரியானவை. முதலாவது 5 முதல் 70 இறாத்தல் வரை, இழுநீளம் (நாணை எவ்வளவு தூரம் இழுப்பது என்பது) 12 முதல் 30 அங்குலம் வரை மாறும். இரண்டாவது 7 முதல் 70, இழுநீளம் 19 முதல் 31. ஒன்று கவனம்: பெட்டியில் போட்டிருக்கும் அந்த 5, 7 எல்லாம் குழந்தையின் இழுநீளத்துக்கு. நீளத்தைக் கூட்டினால் அடிப்பாரமும் கூடும். உங்கள் நீளத்தில் வைத்து, தராசில் மாட்டி அளந்து காட்டச் சொல்லுங்கள்.

குறைந்த இழுவையில் அம்பு போகுமா என்று கவலைப்படாதீர்கள். 18 மீற்றர் உள்ளரங்கத் தூரத்துக்கு 30 இறாத்தல் தாராளம். சர்வதேசப் போட்டிக்காரர் 50 மீற்றரில் சுடும்போதுகூட 60 இறாத்தலுக்கு மேல் அனுமதியில்லை. நான் 38இல் வைத்திருக்கிறேன், 50 மீற்றர்ப் பலகைக்கு ஒரு குறையும் இல்லாமல் போகிறது. 60 இழுக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தும் இளந்தாரிகளுக்கு இது விளங்காது.

அடுத்தது இழுநீளம். இரு கையையும் பக்கவாட்டில் விரித்து நடுவிரல் நுனிக்கு நடுவிரல் நுனி அங்குலத்தில் அளந்து, 2.5ஆல் வகுங்கள். 70 அங்குலம் என்றால் 28. சந்தேகம் வந்தால் அரை அங்குலம் குறைத்து வையுங்கள், கூட்ட வேண்டாம். நீளம் கூடிய வில்லை இழுப்பவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: வில் பிடித்த தோள் மெல்ல மேலே ஏறிக் காதைத் தொடப் பார்க்கும், முதுகு பின்னால் சாயும், வலக் கை முழங்கை கழுத்தைச் சுற்றிப் பின்னுக்குப் போகும். அப்படியே நூறு அம்பு விட்டால் நல்ல தோளும் நோகும்.

கேம், அதாவது நுனியில் உள்ள அந்தச் சக்கரம், எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். விநாடிக்கு 340 அடி வேகம் என்று விளம்பரப்படுத்தும் வில்லின் கேம் முரட்டுத்தனமாக ஏறி முரட்டுத்தனமாக விழும். வில்லின் கைப்பிடிக்கும் இழுக்காத நாணுக்கும் உள்ள இடைவெளி 7 அங்குலத்தை ஒட்டி இருக்கும் நிதானமான வில்லே உங்களுக்கு நல்லது. லெட்-ஓஃப்பிலும் பேராசை வேண்டாம். 40 இறாத்தலில் 85 சதவீதம் என்றால் பிடிக்கும்போது 6தான், சரி. ஆனால் அம்பை விடாமல் நாணைத் திரும்ப இறக்கும்போது அந்த 6 ஒரே நொடியில் 40 ஆகிக் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஆறிய தசைநாருக்கு இழுப்பதைவிட இந்த இறக்கம்தான் பயம். மாற்றக்கூடிய வில் என்றால் 70, 75இல் வையுங்கள்.

இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்: இடக்கை வில் வாங்குவதையும் யோசியுங்கள். இடது கையால் இழுத்தால், நொந்த வலது தோளுக்கு வில்லைத் தாங்கும் வேலை மட்டும்தான். கை நேராக, தோள் தாழ்ந்து இருந்தால் அழுத்தத்தை எலும்பு ஏற்றுக்கொள்ளும். குறி பார்க்க இயல்பாக முந்தும் உங்கள் ஆதிக்கக் கண் வலதாக இருந்தால் அதை மறைத்துப் பழகலாம், கொஞ்சக் காலம் எரிச்சலாக இருக்கும். ஆனால் வில்லைத் தூக்கிப் பிடிக்கவே வலது தோள் முறைத்தால் இது சரிவராது. வெறும் வில்லே மூன்று, நான்கு இறாத்தல். குறி பார்க்கும் சைட், ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் எல்லாம் பூட்டினால் ஆறைத் தாண்டும். எந்தப் பக்கம் என்பதை உங்கள் பிசியோவிடம் ஒரு ரப்பர் பட்டியை இரண்டு விதமாகவும் இழுத்துக் காட்டிக் கேளுங்கள்.

வில்லைக் கையில் எடுத்ததும் செய்து பார்க்க ஒரு சோதனை. கதிரையில் உட்காருங்கள். இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்குங்கள். அம்பைப் பூட்டி, பலகையை நோக்கி, வில் கையைத் தோள் மட்டத்திலேயே வைத்து நேராக இழுங்கள். வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கினால்தான் இழுபடுகிறது என்றால் இறாத்தல் கூட. அப்படி உயர்த்தி இழுக்கும்போது தோள்பட்டை எலும்புக்கும் கை எலும்புக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இடத்தில் தசைநார் நசிபடும். கையைத் தூக்கினால் சுரீர் என்கிறது என்று எழுதினீர்களே, அதே இடம். மைதானத்தில் பக்கத்தில் நிற்பவருக்கும் அது ஆபத்து. இழுத்த பிறகு அரை நிமிடம் பிடித்து, மெதுவாக இறக்குங்கள். இறக்கும்போது தோள் வெடுக்கென்று முன்னால் போனால், அலன் கீயை எடுத்து மேல் போல்ட்டையும் கீழ்ப் போல்ட்டையும் ஒரே அளவு தளர்த்துங்கள், கைநூல் சொல்லும் எல்லைக்குள். அம்பில்லாமல் மட்டும் நாணை விட்டுவிடாதீர்கள், வில்லே சிதறும்.

மச்சானுக்கு விவரம் அனுப்புமுன், வில்லை நாட்டுக்குள் கொண்டுவரலாமா என்று சுங்கத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

*மகளுக்கு 12 வயது. வேகமாக வளர்கிறாள். வருடத்துக்கு ஒரு வில் வாங்க வசதியில்லை. என்ன செய்யலாம்?*
— திருமதி ந., கொட்டாஞ்சேனை

ஜெனிசிஸ் என்ற வில்லைப் பாருங்கள் அம்மா. 10 முதல் 20 இறாத்தல், லெட்-ஓஃப் கிடையாது, அதனால் இழுநீளம் பூட்டியிருக்காது. 15 அங்குலம் இழுக்கும் பிள்ளையும் 30 அங்குலம் இழுக்கும் தகப்பனும் ஒரே வில்லில் பழகலாம். அமெரிக்கப் பாடசாலைகளில் இதைத்தான் பாவிக்கிறார்கள். போட்டிக்குப் போகும் எண்ணம் வந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முதலாகச் சேர்கிறது, அதையும் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

*எங்கள் மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் பழகலாமா? கடற்பக்கம் ஆளில்லை.*
— ஒரு வாசகர், தெஹிவளை

கூடாது. 40 இறாத்தல் வில்லிலிருந்து மேல்நோக்கி நழுவிய அம்பு 200 மீற்றரைத் தாண்டும். கடற்பக்கம் ரயில் பாதை இருக்கிறது, அதில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் ரப்பர் பட்டியோடு நில்லுங்கள், அம்பைப் பயிற்சித் திடலில் விடுங்கள். கடற்காற்றுக்கு லிம்ப் போல்ட் துருப்பிடிக்கும். வில்லைப் பையில் மூடி வைத்து, நாணுக்கு அடிக்கடி மெழுகு தேயுங்கள்.