“ஆளுக்கொரு ஊசிதானே, பயமில்லை” என்கிறான் தம்பி

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். கேட்டால், “ஆளுக்கொரு ஊசி வெச்சிருக்கோம்க்கா, வெந்நீர்ல கழுவிடுவேன், எச்ஐவி எல்லாம் வராது” என்கிறான். நம்பலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: சகோதரி, உங்கள் தம்பிக்குப் பாதி தெரிந்திருக்கிறது. மீதிப் பாதியில்தான் ஆபத்து. திட்டாமல் இதை மட்டும் கேளுங்கள்: மாத்திரையை எதில் கரைக்கிறார்கள், தண்ணீர் யாருடையது, வடிகட்டும் பஞ்சு யாருடையது?

ஊசி தனித்தனியாக இருந்தாலும், ஒரே மூடியில் கரைத்து ஒரே பஞ்சு வழியாக எல்லோரும் இழுத்தால், ஏற்கெனவே பயன்படுத்திய ஊசியில் ஒட்டியிருக்கும் ரத்தம் கரைசலில் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் தொற்றிக்கொள்ள. ஆய்வகச் சோதனையில் அந்த வைரஸ் சிரிஞ்சுக்குள் 63 நாள் வரை உயிரோடு இருந்திருக்கிறது. வெந்நீரில் அலசுவதை நம்பவே கூடாது. ஒவ்வொரு முறையும் புது ஊசி, புது சிரிஞ்ச். தண்ணீர், மூடி, பஞ்சு எல்லாம் அவருக்கென்று தனி.

குத்திய இடத்தில் வரும் சீழ்க்கட்டிக்குக் காரணம் வேறு. தோலில் இருக்கும் கிருமியை ஊசி உள்ளே தள்ளுகிறது. கையையும் குத்தும் இடத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது காயும்வரை பொறுக்க வேண்டும். ஊசி முனையை நாக்கில் வைக்கவே கூடாது. இவ்வளவு செய்தாலும் மாத்திரையில் கலந்திருக்கும் மாவும் டால்க்கும் முழுதாகக் கரையாது; ரத்தக்குழாயை அடைக்கும், நுரையீரலில் போய்த் தங்கும். ஊசியே இல்லாத வழிதான் நல்லது என்று நாங்கள் சொல்வது அதனால்தான். ஊசிப் போதைக்குப் பதிலாக, நாக்கடியில் வைத்துக் கரையவிடும் பூப்ரெனார்பின் மாத்திரைச் சிகிச்சை அரசுத் திட்டத்தில் இலவசம். அதில் நிலைத்தவர்களுக்கு ஊசியின் தேவை வெகுவாகக் குறைகிறது.

அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணில் புது ஊசி தரும் இடத்தையும் பூப்ரெனார்பின் கிடைக்கும் மையத்தையும் விசாரிக்கலாம். ஊசி வாங்கப் போனால் போலீஸ் பிடிக்குமோ என்று அஞ்ச வேண்டாம். தொற்றைக் குறைக்கும் இத்தகைய வழிகளுக்கு 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

ஹெபடைடிஸ் சி-க்கான முதல் சோதனை ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் உடனே கலங்காதீர்கள். பழைய தொற்று தானாகவே குணமாகியிருந்தாலும் அப்படிக் காட்டும். ரத்தத்தில் வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை ஆர்என்ஏ சோதனைதான் சொல்லும். இருந்தால், பெரும்பாலானோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடும். 2018 முதல் அரசு இதை இலவசமாகத் தருகிறது. குணமான பிறகும் மறுபடி தொற்றலாம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு: முதல் ஊசி, 1 மாதத்தில் ஒன்று, 6-ஆம் மாதத்தில் ஒன்று.

அடுத்தவர் ஊசியைப் பயன்படுத்திவிட்டதாக என்றாவது அவர் சொன்னால், அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும்.

கட்டி வந்தால் பிதுக்கவோ பிளேடால் கீறவோ விடாதீர்கள். சிவப்பு பரவினால் தோலில் தொற்று பரவுகிறது என்று பொருள்; குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ இதய வால்வில் தொற்று இருக்கக்கூடும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அவர் ஊசி போட்டுக்கொள்கிறார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தத்தை எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்புவார்கள்.