சுழல் கலத்தில் குமிழி வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: நுண் ஈர்ப்பை, அதாவது விண்வெளியில் உள்ளதுபோல் ஏறத்தாழ எடையற்ற நிலையை, பாவனை செய்ய 10 மில்லி சுழல் கலத்தில் (திரவம் நிரப்பி, படுக்கைவாட்டு அச்சில் சுழற்றும் சிறு பாத்திரம்) கல்லீரல் செல்களை வளர்க்கிறோம். மூன்றாம் நாளில் குமிழிகள் வருகின்றன, செல் உருண்டைகள் உடைகின்றன. சுழலும் வேகத்தைக் கூட்டலாமா? ஒப்பிட, தட்டில் வளர்த்த செல்கள் போதுமா?

பதில்: வேகத்தைத் தொடாதீர்கள், முதலில் குமிழியை எடுங்கள். கலம் துளி காற்றும் இல்லாமல் நிரம்பியிருந்தால்தான் திரவமும் சுவரும் ஒன்றாகச் சுழலும், செல்கள் உரசலின்றி மிதக்கும். உள்ளே வந்த குமிழி எப்போதும் மேலேறி நிற்கவே பார்க்கும். திரவமோ அதைத் தாண்டிச் சுழன்றுகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே எழும் உரசலில்தான் உருண்டைகள் சிதைகின்றன.

பெரும்பாலும் காரணம் குளிர்ந்த மீடியம்தான், அதாவது செல்கள் வளரும் ஊட்டத் திரவம். 4 டிகிரியில் கரைந்திருந்த காற்று 37 டிகிரியில் வெளியே வந்துவிடும். எனவே மீடியத்தை மூடியைத் தளர்த்தி இன்குபேட்டரில் சில மணி நேரம் வைத்திருந்து, அதன் பிறகே நிரப்புங்கள். அடுத்த சந்தேகம் வால்வும் ஓரத்து ரப்பர் வளையமும். செல் போடுவதற்கு முந்தைய நாள் வெறும் மீடியத்தோடு ஓடவிட்டால் கசிவு அன்றே தெரிந்துவிடும். ஆல்கஹாலில் ஊறவைத்த கலமென்றால், செல்களுக்கு ஆக்சிஜன் விடும் சிலிகான் சவ்வில் அது தங்கிச் செல்களைக் கொல்லாதபடி பலமுறை கழுவியாக வேண்டும்.

வந்துவிட்ட குமிழியை எடுக்க இரண்டு சிரிஞ்ச் வேண்டும். ஒன்றில் மீடியம், மற்றது காலி. கலத்தைச் சாய்த்து, விரலால் மெதுவாகத் தட்டி, குமிழியைக் காலி சிரிஞ்ச் இருக்கும் வாய்க்கு நேர்கீழே கொண்டுவாருங்கள். இரண்டு வால்வையும் திறந்து, ஒரு பக்கம் தள்ளும்போதே மறுபக்கம் இழுங்கள். இழுப்பதை மட்டும் செய்தால் உள்ளே அழுத்தம் குறைந்து புதுக் குமிழி பிறக்கும்.

இனி வேகம். நிமிடத்துக்கு 10 முதல் 15 சுற்றில் தொடங்கி, கண்ணால் பார்த்தே திருத்துங்கள். உருண்டைகள் அடிச்சுவரில் மோதினால் வேகம் குறைவு. வெளி ஓரத்தில் ஒட்டிச் சுற்றினால் அதிகம். உருண்டையின் விட்டம் இரட்டித்தால் அது விழும் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால் முதல் நாள் வைத்த வேகம் ஐந்தாம் நாளுக்குப் பொருந்தாது. உருண்டை 500 மைக்ரானைத் தாண்டினால் நடுவுக்கு ஆக்சிஜன் சரியாகப் போய்ச் சேராது, உள்ளே செல்கள் மடியும். அதற்கு வேகம் மருந்தில்லை. அடுத்த முறை செல்களைக் குறைத்துப் போடுங்கள், அல்லது முன்னதாகவே அறுவடை செய்யுங்கள்.

ஒப்பிடத் தட்டு போதவே போதாது. அதில் சவ்வும் இல்லை, சுழற்சியும் இல்லை. அதே கலத்தை, அதே வேகத்தில், அச்சு செங்குத்தாக நிற்கும்படி சுழற்றுங்கள். அப்போது செல்கள் சவ்வின்மேல் படியும், மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும். விண்வெளியிலும் இதே கண்டிப்பு தேவைப்பட்டது. 1983-ல் விண்வெளி ஓடத்தில் சென்ற ஆய்வகமான ஸ்பேஸ்லேப்-1 பயணத்தில் மனித வெள்ளணுக்களின் தூண்டல் (அவை விழித்துப் பெருகத் தொடங்குவது) கிட்டத்தட்ட முழுவதும் அடங்கிப்போனது. ஏவுகலத்தின் அதிர்வோ கதிர்வீச்சோ காரணமாக இருக்கலாமே என்ற ஐயத்துக்கு, 1985-ல் ஜெர்மனியின் டி-1 ஸ்பேஸ்லேப் பயணத்தில் விண்கலத்துக்குள்ளேயே 1 ஜி (பூமியின் ஈர்ப்புக்குச் சமமான விசை) தரும் மையவிலக்கியில் வைத்த வெள்ளணுக்கள் பதில் தந்தன. அவை தூண்டப்பட்டன.

கட்டுரையில் "நுண் ஈர்ப்பு" என்று மட்டும் எழுதாமல் "பாவனை நுண் ஈர்ப்பு" என்றே எழுதுங்கள். 20 சுற்று வேகத்தில், மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளியிருக்கும் செல்மேல் மையவிலக்கு மட்டுமே சுமார் 0.018 ஜி. பூமியின் ஈர்ப்பும் அப்படியே இருக்கிறது, அதன் திசைதான் செல்லைப் பொறுத்து மாறிக்கொண்டே போகிறது. ஆகவே சுழல் வேகம், கலத்தின் ஆரம், மீடியம் மாற்றிய நாள்கள் மூன்றையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.